ஏழாம் பக்கத்துச் செய்தி

என் முகத்தைப் பன்னிரண்டு அடி உயரத்துக்குப் பெரிதாக்கி, ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கட்டி வைத்தவன் என் அண்ணன் மருதையன். 2012, மார்ச் மாதம். ஃப்ளெக்ஸில் நான் பேஸ்பால் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிக்கிறேன். நான் பந்து வீசுகிறவள், மட்டைக்காரி அல்ல. அதெல்லாம் அச்சடிக்கிறவருக்கு எதற்கு? கீழே மஞ்சள் எழுத்தில், ‘ஜப்பான் நாட்டில் குடியேறி விளையாடச் செல்லும் எங்கள் மண்ணின் மகள் மு. செவ்வந்தி’ என்று இருந்தது. ஒரு பக்கம் அண்ணன் கைகூப்பி நிற்க, அவனைச் சுற்றி அஞ்சல்தலை அளவில் கட்சிக்காரர்கள் பதினாறு பேர். அவர்களில் ஒருத்தர்கூட நான் பந்து வீசிப் பார்த்ததில்லை.

“குடியேறின்னு ஏண்ணே போட்டே? ரெண்டு வருஷ ஒப்பந்தம்தானே?” என்று கேட்டேன்.

“ஒரு கெத்துக்குத்தான் பாப்பா.”

அன்று காலை ஒன்பது மணிக்கு என்னை அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நிற்க வைத்தான். நன்னிலத்திலிருந்து புகைப்படக்காரரை அழைத்து வந்திருந்தான். என் கையில் அன்றைய நாளிதழைக் கொடுத்தான். அதன் ஏழாம் பக்கத்தில், விளையாட்டுச் செய்திகளின் அடியில், என்னைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. நாலே வரிதான். ஆனால் எங்கள் தெருவிலிருந்து அடிதடி வழக்கு இல்லாமல் பேப்பரில் வந்த முதல் பெயர் என்னுடையது. நான் ஏழாம் பக்கத்தை விரித்துப் பிடித்தேன்.

“அத மடி பாப்பா. மொதப் பக்கத்தக் காட்டிப் பிடி.”

“என் சேதி ஏழாம் பக்கத்துலல்ல இருக்கு?”

“விரிச்சுப் பிடிச்சா பேப்பரு தொளதொளன்னு தொங்கும். மடிச்சு மொதப் பக்கத்தக் காட்டுனா வெறப்பா நிக்கும். போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்.”

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முதல் பக்கத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். மூன்று படம் எடுத்தார்கள். மூன்றாவதற்கு முன்னால் அண்ணன் கிட்டே வந்து, பேப்பரின் மேல் ஓரத்தை மறைத்துக்கொண்டிருந்த என் கட்டைவிரலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் போனான்.

என்னோடு நடவுக்கு வருகிற எல்லையம்மாள் அக்கா அந்த வழியாக வந்தவள், ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்துவிட்டு நின்றாள். பாராட்டுவாள் என்று பார்த்தால் முகம் கறுத்துவிட்டது.

“ஏண்டி, குத்தகைக்காரி ஊரத் தாண்டுறத யாராச்சும் தண்டோரா போட்டுச் சொல்லுவாங்களா? மொதல்ல அத அவுக்கச் சொல்லு.”

“அண்ணன் இருக்குல்ல அக்கா. வயல அது பாத்துக்கும்.”

“பாத்துக்கும், பாத்துக்கும். வரப்புல நின்னு நல்லாவே பாத்துக்கும்.”

வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். எல்லையம்மாள் அக்காவிடம் அதற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அடிக்க வருவாள்.

அவள் ஏன் பதறினாள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது மடத்து நிலம், ஆறு மா. இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் மடத்தினுடையது, உழுகிற உரிமை எங்களுடையது. குத்தகைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரோ, அவர் வீட்டு ஆளோ, தன் உடம்பால் அந்த நிலத்தில் பாடுபட வேண்டும். சட்டம் அப்படி. பாடுபடவில்லை என்று நிரூபித்துவிட்டால் பெயரை அடித்துவிடலாம். அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பதிவு இருக்கிற வீட்டிலிருந்து யார் துபாய்க்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும் வெளியே மூச்சு விட மாட்டார்கள். “திருப்பூர் போயிருக்கான், அறுப்புக்கு வந்துடுவான்” என்பார்கள். எந்த வயலில் என்ன பயிர் என்று அடங்கல் எழுத கிராம நிர்வாக அலுவலர் வருகிற நாளில், வீட்டில் ஒருத்தராவது முழங்கால் சேற்றோடு வயலில் நின்றாக வேண்டும். துபாய்க்காரன் பெண்டாட்டி ஒருத்தி கைப்பிள்ளையை வரப்பில் கிடத்திவிட்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் நான் பன்னிரண்டு அடிக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் பேப்பரில் வந்த நாலு வரி செய்த வேலை.

அந்த ஆறு மாவை எங்கள் அப்பா முருகையன் யாரிடமும் கும்பிட்டு வாங்கவில்லை. அவர் பண்ணையாளாக இருந்த காலத்தில் மடத்து நிலம் முழுவதும் ஒரே மிராசுதார் கையில் இருந்தது. ஆட்சி மாறி, உழுகிறவர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்ததும், விசாரிக்க அதிகாரி வந்தார். எல்லாம் தன் சொந்தப் பயிர்தான் என்று மிராசுதார் சொன்னார். “நீதான் உழுகிறாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று அதிகாரி அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இடது காலைத் தூக்கி வரப்பில் வைத்து, விரல்களை விரித்துக் காட்டினாராம். இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெளுத்து வெந்து கிடந்ததாம்.

“இதாங்க அத்தாட்சி. பண்ணையாரு காலையும் பாத்துட்டு எழுதுங்க.”

அதற்கு முன்னாலும் பின்னாலும் அடி உதை, பொய் வழக்கு, செங்கொடியோடு நாகப்பட்டினம் வரை நடந்தது எல்லாம் உண்டு. ஆனால் அப்பா எப்போதும் சொல்வது காலைக் காட்டிய கதையைத்தான்.

எனக்குக் கை வந்ததும் அந்த வயலில்தான். நடவின்போது நாற்றுக் கட்டுகளை, அதாவது முடிகளை, கரையிலிருந்து வயலுக்குள் வீசுவது ஆம்பிளை வேலை. எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு இருந்த ஆம்பிளை சேற்றைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வான். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, பத்து வயதில் நான் வீச ஆரம்பித்தேன். பெண்கள் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்துதான் நடுவார்கள். ஆகவே முடி இப்போது நிற்கிற இடத்தில் விழக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்து சேருகிற இடத்தில், சேறு தெறிக்காமல் விழ வேண்டும். தெறித்தால் எல்லையம்மாள் அக்கா என் வம்சத்தையே இழுத்துப் பேசுவாள். அந்த வசவுக்குப் பயந்தே எனக்குக் குறி பிடிபட்டது.

தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு ஆட்டம் இதுதான் என்று ஒன்றும் இல்லை. ஈட்டி எறிந்தேன். ஹேண்ட்பால் ஆடினேன். கோ-கோவுக்கு ஆள் குறைந்தால் அதிலும் ஓடினேன். ஒரே வருஷத்தில் மூன்று அணிச் சட்டை போட்டுக்கொண்டு, எந்தச் சட்டையைத் துவைத்தோம் என்று தெரியாமல் முழித்திருக்கிறேன். உடற்கல்வி இயக்குநர் தங்கமணி மேடம் ஒருநாள் ஹேண்ட்பாலை நான் மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வீசியதைப் பார்த்துவிட்டு, விசிலைக் கீழே போட்டுவிட்டார்.

“இந்தக் கைய யாரும்மா பழக்குனது?”

“நாத்து முடிதான் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சிவப்புத் தையல் போட்ட வெள்ளைப் பந்து ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். பேஸ்பால் என்ற ஆட்டத்தின் பெயரையே அன்றுதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வருவேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் பேருந்து முக்கால் மணி நேரம் நகராது. எவ்வளவு தாமதமானாலும் நிறுத்தத்தில் அண்ணன் வண்டியோடு நிற்பான். சலித்துக்கொண்டதே இல்லை. ஊரில் என் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்கார ஆள் இல்லாதபோது, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அவன்தான் குந்தி உட்கார்ந்தான். என் பந்து பட்டு அவன் இடது சுண்டுவிரல் முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. “சாம்பியன் குடுத்த மோதிரம்” என்று எல்லாரிடமும் காட்டுவான். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே அவன் அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது.

அவன் அறுவடை இயந்திரங்களுக்கு ஏஜெண்டாக இருந்தான். சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்கி, அதை நிறுத்தச் சாலையோரம் ஒரு கொட்டகை போட வேண்டும் என்பது அவன் கனவு. கட்சியிலும் இருந்தான். எந்தக் கட்சி ஆண்டாலும் கட்டிக்கொள்ள இரண்டு நிறத்திலும் கரைவேட்டி வைத்திருந்தான். கேலி செய்தால் கோபப்பட மாட்டான், சிரிப்பான்.

2010-இல் அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. குத்தகைப் பதிவை யார் பெயருக்கு மாற்றுவது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டார்கள். அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போயிருந்தோம். வாய் குழறினாலும் அன்றைக்கு அவர் பேச்சு எல்லாருக்கும் புரிந்தது.

“சேத்துல எறங்குறவ பேருக்கு எழுதுங்க. இவன் செருப்போட வரப்புல நிக்கிறவன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டான். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று பார்க்க எனக்குக் கண் இல்லை. அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார்.

சென்னையில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்கு ஜப்பானிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் வீசிய பந்தை ஒரு கருவியில் அளந்தார்கள். மணிக்கு நூற்றுப் பதினாறு கிலோமீட்டர். அவர்களில் தலை நரைத்த ஒருவர் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வீசச் சொன்னார். மறுபடியும் அதே எண். அங்கே பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து பேஸ்பால் ஆட வைக்கும் அணிகள் இருந்தன. ஈட்டிக்கும் ஹேண்ட்பாலுக்கும் சான்றிதழும் டிபன் பாக்ஸும் வாங்கிய எனக்கு, ஆடுவதற்கே சம்பளம் என்பது நம்ப முடியாத சேதி. அதுதான் அந்த நாலு வரி.

கிளம்புவதற்கு முன் அண்ணனை வயலுக்கு அழைத்துப் போனேன். “ரெண்டே வருஷம்ணே. அடங்கல் எழுதற அன்னிக்காவது எறங்கி நில்லு. அப்பா சம்பாதிச்சது இது ஒண்ணுதான்” என்றேன். அவன் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வாய்க்காலில் காலை நனைத்துக் காட்டினான்.

“இந்தா எறங்கிட்டேன். போதுமா? போய் அங்க வெள்ளக்காரிங்கள அவுட் ஆக்கிட்டு வா.”

“ஜப்பான்காரிங்கண்ணே.”

“எவளா இருந்தா என்ன?”

மேற்கு ஜப்பானில் ஒரு சிறு நகரம். முதல் ஆட்டத்தில் என் முதல் மூன்று பந்துகளும் கேட்சர் தலைக்கு மேலே போயின. கூட்டத்தில் யாரோ சிரித்தது புரிந்தது. சிரிப்புக்கு மொழி வேண்டாமே. பந்து வீசுகிறவள் நிற்பது ஒரு சின்ன மண்மேடு. அதைக் காலால் தேய்த்துப் பார்த்தேன். வரப்பு மாதிரிதான் இருந்தது. எல்லையம்மாள் அக்கா எதிரே குனிந்து நடுகிறாள், சேறு தெறித்தால் கிழித்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு நான்காவதை வீசினேன். கேட்சரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்த வருஷம் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மைதானத்துக்குப் பின்னால் நெல் வயல்தான். அவர்களும் நட்டார்கள், இயந்திரத்தால். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் ஆறு மா ஞாபகம் வரும். மேட்டூர் அணை அந்த வருஷம் நேரத்துக்குத் திறக்கவில்லை, டெல்டாவே காய்கிறது என்று செல்போனில் செய்தி படித்துப் பதறினேன். மறுநாளே அண்ணன் படம் அனுப்பினான். பசேலென்று பயிர். “எப்படிண்ணே?” என்றேன். “பாய்கிட்ட போர்த்தண்ணி வாங்கிப் பாய்ச்சுனேன்” என்றான். பாய் என்றால் பக்கத்து வயல் ஜெகபர் அலி. இரண்டு வருஷமும் நடவுக்கு ஒரு படம், கதிர் வந்ததும் ஒரு படம் தவறாமல் வந்தது. இது என் வயல் என்று அணியில் எல்லாருக்கும் காட்டினேன். அவர்களும் அழகாயிருக்கிறது என்று தலை குனிந்து பாராட்டினார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் என் வயலை எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவள் நான்.

இரண்டாவது வருஷக் கடைசியில் தோள்மூட்டுக்குள் ஏதோ கிழிந்தது. ஆறு மாதம் வைத்தியம் பார்த்தார்கள், மரியாதையாகவே அனுப்பி வைத்தார்கள். அழுதேன்தான். ஆனால் போக்கிடம் இல்லாதவள் போல அழவில்லை. பந்து போனால் நாற்று முடி இருக்கிறது, இடது கையாலாவது வீசிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

2014 ஜூன். வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேரே வயலுக்குப் போனேன். ஆறு மாவும் கோரையும் காட்டாமணக்குமாக இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. சாலை மூலையில் ஓர் இரும்புத் தகட்டில், இது மடத்துக்குச் சொந்தமான இடம், அத்துமீறக் கூடாது என்று எழுதி நட்டிருந்தார்கள். வயல் மாறி வந்துவிட்டேனோ என்று வாய்க்கால் மதகை எண்ணிப் பார்த்தேன். மாறவில்லை.

அடுத்த வயலில் ஜெகபர் அலி மடை மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். நான் செல்போனை எடுத்து அண்ணன் அனுப்பிய படத்தைக் காட்டினேன்.

“இது எந்த வயலு பாய்?”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது நம்ம வயலும்மா. இந்தா, ஓரத்துல என் மோட்டார் கொட்டகைத் தகரம் தெரியுது பாரு. மருதையன் வந்துச்சு. பாய் வயலு நல்லா இருக்கு, தங்கச்சிக்குப் படம் புடிச்சு அனுப்புறேன்னுச்சு. சும்மா பெருமைக்குன்னுல்ல நான் நெனச்சேன்? உங்க வயல்ல ரெண்டு வருஷமா ஏரே பூட்டலயேம்மா.”

தகரம் தெரிந்தது. இத்தனை நாளும் அது படத்தில்தான் இருந்திருக்கிறது. எனக்கு அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வீட்டில் அண்ணன் என்னைப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தான். ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் வரவில்லை, நீ கவலைப்படுவாயே என்றுதான் படத்தை மாற்றி அனுப்பினேன் என்றான். என் பெயரை நீக்கச் சொல்லி மடம் போட்ட மனுவும், எனக்கு வந்த அறிவிப்புகளும் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தன. திட்டித் தீர்த்தேன். சோம்பேறி, பொய்யன், அப்பா சொன்னது சரிதான் என்றெல்லாம் கத்தினேன். அப்போதும் சோம்பேறி என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவனைப் பற்றி எவ்வளவு தூரம்தான் நினைக்க முடியும்?

விவசாயிகள் சங்கத்தில் உலகநாதன் என்ற வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார்கள். மனுவைப் படித்துவிட்டு, பயப்பட வேண்டாம் என்றார்.

“உங்கண்ணன் வந்து, நான்தான் குடும்பத்து ஆளா வேலை பாத்தேன், தண்ணி இல்லாம பயிர் வைக்க முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. பேரை யாரும் அசைக்க முடியாது.”

ஒரு வார்த்தைதானே, சொல்லாமல் விடுவானா? தெம்போடு வருவாய் நீதிமன்றத்துக்குப் போனேன். சாட்சி என்று கூப்பிட்டதும் அண்ணன் எழுந்தான். ஆனால் என் பக்கத்திலிருந்து எழவில்லை. மடத்துக் காரியஸ்தர் பக்கத்திலிருந்து எழுந்து போனான். அன்றைக்கு ஆளும் கட்சிக் கரை போட்ட வேட்டி.

மடத்து வக்கீல் கேட்டார்: “இந்த வயல்ல உங்க தங்கச்சி கடைசியா எப்ப இறங்கினாங்க?”

“ஜப்பான் போறதுக்கு முன்னாடிங்க.”

“அதுக்கப்புறம் உங்க குடும்பத்துல யாராவது?”

“யாரும் இல்லீங்க.”

“நீங்க?”

“நான் என்னிக்குமே சேத்துல எறங்குனது கெடையாதுங்க.”

அவன் வாயிலிருந்து வந்த அந்த ஒன்று மட்டும் சத்தியமான உண்மை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தையை, அவனே தன் வாயால் சொல்லி அப்பாவின் நிலத்தை மடத்துக்குத் திருப்பிக் கொடுத்தான். சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையில் கோணல் சுண்டுவிரல் தனியாகத் தெரிந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

இரண்டு பசலிக்கும், அதாவது இரண்டு வருவாய் வருஷத்துக்கும், அடங்கலில் தரிசு என்று எழுதியிருந்தது. அதையும் காட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு புகைப்படத்தைக் கையில் கொடுத்தார்கள். மடத்தின் நான்காவது ஆவணமாம்.

“இது நீங்கதானே?”

நான்தான். ஃப்ளெக்ஸில் பன்னிரண்டு அடிக்கு நான். அதன் கீழே ஐந்தடி இரண்டங்குலத்துக்கு நான். இரண்டு இடத்திலும் ஈயென்று இளித்துக்கொண்டிருக்கிறேன்.

“ஃப்ளெக்ஸ்ல எழுதியிருக்கறதப் படிங்க.”

“ஜப்பான் நாட்டில் குடியேறி...”

“சரி. கையில என்ன?”

“பேப்பர்.”

“தேதி தெரியுதா?”

தெரிந்தது. முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் நாள், மாதம், வருஷம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. என் கட்டைவிரல் அதற்குப் பக்கத்தில் ஒதுங்கி இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் உலகநாதன் குனிந்து என் காதருகே கேட்டார்: “கோர்ட்டுக்குன்னு எடுக்கற போட்டோவுக்குத்தாம்மா இப்படி அன்னன்னிப் பேப்பரத் தேதி தெரியப் பிடிக்கச் சொல்லுவோம். பின்னால எடுத்ததுன்னு யாரும் வாதாட முடியாது. யாரும்மா உன்ன இப்படி நிக்க வெச்சது?”

என் கட்டைவிரலை அண்ணன் ஒதுக்கிவிட்டது ஞாபகம் வந்தது. சோம்பேறித்தனம் இல்லை. பிறகு வந்த சபலமும் இல்லை. நான் விமானம் ஏறுவதற்கு முன்பே, ஃப்ளெக்ஸுக்குக் கீழே நிற்க வைத்த அன்றைக்கே, என் கையாலேயே பிடிக்க வைத்து ஆவணம் தயார் செய்திருக்கிறான். வாய்க்காலில் காலை நனைத்துக் காட்டியதும், ஜப்பான்காரிகளை அவுட் ஆக்கச் சொன்னதும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயரை நீக்கி உத்தரவு வந்தது. தோற்ற வழக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேல்முறையீடு செய்தோம், அதுவும் போயிற்று. சாலையோரத்து ஆறு மாவில் மடம் இப்போது கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறது. பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் அண்ணனின் அறுவடை இயந்திரம் நிற்கிறது. நான் தங்கமணி மேடம் தயவில் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஊருக்குப் போனால் எல்லையம்மாள் அக்கா வீட்டில் தங்கிக்கொள்கிறேன். மண்டபம் வழியாகப் போகிற பேருந்தில் ஏறுவதில்லை.

சாட்சி சொன்ன அன்று, நீதிமன்ற வாசலில் வேப்பமரத்தடியில் அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் முன்னால் போய் நின்றேன். அடிப்பேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“அந்தப் பேப்பரப் பிடிக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டேன்.

குனிந்து ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டான். பிறகு, “காரியஸ்தர்தான் சொன்னாரு. தேதி தெரியணும்னு” என்றான்.

“அப்ப, ஊருக்கு முன்னாடி என்னத் தலையில தூக்கி வெச்சு ஆடுனதெல்லாம்?”

“உனக்கு ஒலகமே இருக்கு பாப்பா. ஆறு மா இல்லன்னா இன்னொண்ணு. எனக்கு என்ன இருக்கு? செருப்போட நிக்கிறவன்னு அத்தன பேர் முன்னாடி அப்பா சொன்னப்ப நீ வாயத் தொறந்தியா? கூடச் சேந்து சிரிச்ச.”

சிரித்தேன்தான். அதற்காக இதுவா என்று கேட்க வாயெடுத்தேன். பாப்பா என்று அவன் கூப்பிட்டதுதான் காதில் நின்றது. இனிமேல் அப்படிக் கூப்பிடாதே என்று மட்டும் சொன்னேன்.

போகத் திரும்பியவன் நின்றான். சமாதானம் சொல்கிறவன் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆனா உன் சேதியும் அன்னிக்குப் பேப்பர்ல வந்திருந்துச்சுல்ல, செவ்வந்தி? அது பொய்யில்லையே” என்றான்.

பொய்யில்லை. ஜப்பானில் என் கட்டிலுக்கு மேலே சுவரில் இரண்டு வருஷமும் அந்த ஏழாம் பக்கம்தான் ஒட்டியிருந்தது. பந்து சரியாக விழாத நாட்களில் அந்த நாலு வரியைத்தான் படித்துக்கொள்வேன். அண்ணன் வாங்கித் தந்த பேப்பர் என்று அதைத் தடவிக்கூடப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் காலணியைச் சுற்றிப் பெட்டியில் வைத்துப் போனேன். போய்ச் சேர்ந்த அன்றே கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். அதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.